ஜீ12 மாதிரி எஞ்சின்: பலர் கைபட ஓட்டுவதற்கு ஏற்றதா?

பிரேசிலின் ரிபெய்ராவ் பிரேத்து நகரில் இயங்கும் பிரத்தெஸ்கி நிறுவனத்தின் ஜீ12 டீசல் எஞ்சினின் சிற்றளவு ஓட்டு மாதிரி, இலங்கைப் புகையிரதங்களில் ஈடுபாடுள்ள ஒருவர் ஆயத்தமாக வாங்கக்கூடிய பொருள்களுள் எங்கள் எம்2 வகுப்பு டீசல் எஞ்சினுக்கு மிக நெருங்கி வருவதாகும். நெருங்கி வருகிறது என்றுதான் சொல்லலாம். அதுவேதான் இது என்று சொல்ல முடியாது. இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் நிறத்திலும் இலக்கத்திலும் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் மாதிரி எதையும் நான் இதுவரை கடைகளிலோ இணைய விற்பனைத் தளங்களிலோ கண்டதில்லை. ஆனால் ஜீ12 என்பது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஏற்றுமதிக்கென்றே வடிவமைத்த எஞ்சின் ஆகையால், பிரேசில், நியூசிலாந்து, ஹொங்கொங், இஸ்ரேல் போன்ற இடங்களில் ஓடிய அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே 1954 முதல் கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து இங்கு வந்து, ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, கியூபெக் என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடின. ஆகவே பிரேசில்காரர் தங்கள் ஊர் எஞ்சினுக்காகச் செய்த மாதிரி, தற்செயலாக எங்கள் ஊர் எஞ்சினின் முகத்தையும் கொண்டிருக்கிறது.

இந்த மதிப்பீட்டை நான் எந்த அளவுகோலால் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு நீள்சதுர மேசைமீது தண்டவாளம் பரப்பி வைத்திருக்கிறேன். பூரணை விடுமுறை நாள்களின் மாலையில் அயல்வீட்டுப் பிள்ளைகளும் உறவினரும் அங்கே கூடுவார்கள். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு இதில் தனி ஆர்வம், ஏனெனில் பாதை மட்டக்களப்பு நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அவர்களுடைய ஊர்ப்பக்கம் தண்டவாளமே கிடையாது. எஞ்சினைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துக் காட்டுவது எனக்கு உவப்பான காரியமன்று. வந்தவர் கையில் கட்டுப்படுத்தியைக் கொடுத்து, ஓட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்ப்பதில்தான் சேகரிப்பின் முழு இன்பமும் இருக்கிறது என்பது என் நிலைப்பாடு. எனவே இங்கு நான் எடைபோடுவது, இந்த எஞ்சின் எத்தனை அழகானது என்பதைவிட, எத்தனை பேரின் கையைத் தாங்கும் என்பதையே.

தோற்றத்தைப் பற்றி முதலில். உண்மை எஞ்சினின் 87இல் ஒரு பங்கு அளவில், எச்ஓ என வழங்கும் அளவுமுறையில் இது செய்யப்பட்டிருக்கிறது. ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். தாழ்ந்த நீண்ட மூக்கும் ஒரு பக்கமாக ஒதுங்கிய சாரதி அறையும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு எம்2 என்றே தோன்றும். கிட்ட வந்து சில்லுகளை எண்ணுபவர்தான் கேள்வி கேட்பார். எங்கள் எம்2 எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொரு போகியிலும், அதாவது சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டகத்திலும், மூன்று அச்சுகள். நடு அச்சுக்கு மோட்டார் இல்லை, பாரத்தைப் பகிர்வதே அதன் வேலை. என்னிடமுள்ள மாதிரியிலோ போகிக்கு இரண்டு அச்சுகளே. இதைக் குறையென்று கொள்ளாமல், எம்2இன் உட்பிரிவான எம்2சீ வகுப்பில் இருந்த 626 மொன்றியல், 627 வன்கூவர் என்ற இரண்டு நான்கச்சு எஞ்சின்களை நினைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். நானும் பிரேசில் நிறத்தை அழிக்காமல், சாரதி அறைக்குக் கீழே மொன்றியல் என்று எழுதிய சிறு காகிதத் துண்டை மட்டும் ஒட்டியிருக்கிறேன். 591 மனிற்றோபா என்று எழுதும்படி சிலர் கேட்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரலியவில் சுனாமி அடித்துச் சென்ற புகையிரதத்தை இழுத்த எஞ்சின் அது. அச்சுக் கணக்கு ஒத்துவராது என்பது ஒருபுறமிருக்க, அதே சுனாமி தாக்கிய கல்லடியில் இருந்துகொண்டு அந்த இலக்கத்தை விளையாட்டு மேசையில் ஓட்ட எனக்கு மனமில்லை.

அகலத்திலும் ஒரு சமரசம் உண்டு. இலங்கையின் அகலப்பாதை 1,676 மில்லிமீற்றர். 87இல் ஒரு பங்காக்கினால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். எச்ஓ தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீற்றர், அதாவது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளின் 1,435 மில்லிமீற்றருக்குரிய அளவு. ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் ஒடுங்கிய பாதையில் நிற்பதால் முன்பக்கமிருந்து பார்க்கும்போது எஞ்சின் சற்றே உயர்ந்து, கால் ஒடுக்கி நிற்பதுபோல் தெரியும். பக்கவாட்டில் பார்ப்பவருக்கு இது தெரியாது. மேசையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் பக்கவாட்டிலேயே பார்க்கிறார்கள்.

இனி, முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். விலை உயர்ந்த மாதிரிகளில் கைப்பிடிக் கம்பி, காற்றுக்குழாய், துடைப்பான் என்று எல்லாம் தனித்தனியாகச் செருகப்பட்டிருக்கும்; படமெடுப்பதற்கு அவற்றைப்போல ஒன்றில்லை. அப்படிப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றும் என் சேகரிப்பில் இருக்கிறது. எந்த நிறுவனத்தினது என்பது இங்கு அவசியமில்லை. ஒரு பிள்ளை ஆசையோடு தூக்கிய முதல் மாலையிலேயே அதன் கொதிகலன் ஓரக் கைப்பிடி கழன்று விழுந்தது, அன்றிலிருந்து அது அலுமாரியைவிட்டு வெளியே வருவதில்லை. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தூக்கிப் பார்க்கக் கூடாதென்றால் ஏன் காட்டினீர்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஜீ12 மாதிரியில் அத்தகைய நுண்ணுறுப்புகளின் பெருக்கம் இல்லை. அலுமாரிச் சேகரிப்பாளர் இதைக் குறையாகச் சொல்வார். என் மேசையில் இதுவே அதன் பெரும் சிறப்பு. பெட்டிபோன்ற உடலை இரண்டு விரல்களால் நடுவில் பிடித்துத் தூக்கலாம், தண்டவாளத்தைவிட்டு இறங்கினால் ஐந்து வயதுப் பிள்ளையே மீண்டும் ஏற்றிவிடும். நான்கு அச்சும் குறுகிய உடலும் இருப்பதால் 371 மில்லிமீற்றர் ஆரையுள்ள இறுக்கமான வளைவிலும் திணறாமல் திரும்புகிறது. இடவசதி குறைந்த வீடுகளுக்கு இது சிறிய விடயமன்று, ஏனெனில் நீண்ட ஆறச்சு எஞ்சின்கள் பல அந்த வளைவில் ஓட மறுத்துவிடும்.

மேசையின் ஒரு மூலையில் மன்னம்பிட்டியை நினைத்து, வாகனமும் புகையிரதமும் ஒன்றையே பகிர்ந்துகொண்ட அந்தப் பழைய மகாவலிப் பாலத்தின் சாயலில் ஒரு அட்டைப் பாலம் செய்து வைத்திருக்கிறேன். வாகனங்களுக்குத் தனிப்பாலம் வருமுன் அங்கே காத்துக்கிடந்தவர்கள் தங்கள் கதையை எடுத்துவிட இது போதும். எஞ்சினை மெதுவாக அதன்மேல் ஏற்றுவது யார் என்பதில் பிள்ளைகளிடையே போட்டி. மெதுவாக ஓட்டும்போது குலுங்காமலும் இடையில் நின்றுவிடாமலும் நகர்வதுதான் ஒரு மாதிரி எஞ்சினின் உண்மையான பரீட்சை; தண்டவாளம் துப்புரவாக இருக்கும் நாள்களில் என்னுடைய ஜீ12 அதில் தேறிவிடுகிறது.

ஒன்றில் மட்டும் தேறவில்லை. அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது என்ன மனே, சத்தம் போடாம ஓடுது? எம்2 எண்டா தூரத்திலயே தெரியுமே” என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். ஜீ12க்குள் இருப்பது 567 வகையைச் சேர்ந்த பன்னிரண்டு சிலிண்டர் ஈரடிப்பு இயந்திரம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம் என்பதாலேயே அந்தப் பெயர். ஈரடிப்பு இயந்திரத்தின் அந்தக் கனத்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவருக்கு, மின்மோட்டாரின் மெல்லிய முனகல் எப்படிப் போதும்? 567 இயந்திரத்தின் ஒலியைப் பதிந்து வைத்த டிஜிற்றல் ஒலிச்சிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைப் பொருத்த உடலுக்குள் இடம் தேட வேண்டும், ஒலிபெருக்கிக்குத் துளையிட வேண்டும், ஒலிகளை முழுமையாகப் பெறக் கட்டுப்பாட்டு முறையையும் டிஜிற்றலுக்கு மாற்ற வேண்டும். செலவு எஞ்சினின் விலையைத் தாண்டிவிடும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட விரும்புகிறவர்கள் அந்தப் பாதையை யோசிக்கலாம். பலர் மாறிமாறி ஓட்டுகிற மேசைக்கு ஒரு திருகு மட்டுமே உள்ள பழைய 12 வோல்ற்று முறை போதுமானது, விளக்கிச் சொல்லவும் எளிது.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டிகளில் இங்கு பயன்படாமல் போவது பெரும்பாலும் இந்தப் பகுதியே. வட அமெரிக்காவில் வாங்கும் கட்டுப்படுத்திகள் 120 வோல்ற்றுக்கும், யப்பானில் வாங்கும் காட்டோ போன்ற மாதிரிப் புகையிரத நிறுவனங்களின் உள்நாட்டுக் கட்டுப்படுத்திகள் 100 வோல்ற்றுக்கும் உரியவை. எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் அத்தோடு கதை முடிந்தது. நான் ஜீ12ஐ ஓட்டுவது ஹோர்ன்பி நிறுவனத்தின் பிரித்தானியத் தொகுதி ஒன்றில் வந்த கட்டுப்படுத்தியால். அதன் மூன்று சதுரமுனைப் பிளக் இங்குள்ள சுவர்களுக்கும் பொருந்துகிறது, தண்டவாள அகலமும் அதே 16.5 மில்லிமீற்றர். பிரேசில் எஞ்சினும் பிரித்தானியத் தண்டவாளமும் ஒன்றோடொன்று பிணக்கில்லாமல் போகின்றன.

பெட்டிகளில்தான் பிணக்கு. ஹோர்ன்பியின் பயணிகள் பெட்டிகள் 76இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை, ஆகவே எஞ்சினைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதோடு இரண்டின் கொக்கிகளும் வெவ்வேறு வகை, ஒன்றோடொன்று மாட்டாது. நான் ஒரு சரக்குப் பெட்டியின் ஒருபக்கக் கொக்கியை மட்டும் மாற்றி, அதை இடைப்பெட்டியாக எஞ்சினுக்கும் மற்றப் பெட்டிகளுக்கும் நடுவே வைத்திருக்கிறேன். மட்டக்களப்புக்கு ஓடும் உதயதேவிப் புகையிரதத்தின் ஒழுங்கில் இப்படி ஒரு சரக்குப் பெட்டி கிடையாதென்று யாரும் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை, ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் எங்கள் இடத்தில் உப்புக் காற்றே முதல் எதிரி. மலிவான தொகுதிகளில் வரும் உருக்குத் தண்டவாளம் இங்கு விரைவில் துருப்பிடிக்கும். நிக்கல் வெள்ளித் தண்டவாளமே வாங்க வேண்டும். அதுவும் மாரிமழைக் காலத்தில் மங்கிப்போய் மின்தொடர்பைக் கெடுக்கும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுறொப்பைல் அற்ககோல் நனைத்துத் துடைத்துவிட்டு ஓட்டினால், எஞ்சின் பழுதாகிவிட்டது என்று பயந்தவர்களின் பயம் பாதியும் தீர்ந்துவிடும். பல்சக்கரங்களுக்குப் பிளாஸ்ரிக்கைப் பாதிக்காத எண்ணெயை ஒரு துளி மட்டும் விடவேண்டும். தேங்காய் எண்ணெய் எக்காரணம் கொண்டும் ஆகாது, அது காலப்போக்கில் பிசினாகிவிடும். ஓட்டி முடிந்ததும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதி இட்ட பெட்டிக்குள் வைத்து மூடுவது நல்லது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? ஆணிக்கு ஆணி உண்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறவர்களுக்கு அல்ல. அவர்கள் அளவெடுத்துச் சொந்தமாக உடல் கட்டுவதே வழி. ஒரே ஒரு எஞ்சின் வாங்கி, அதை வீட்டாரும் ஊராரும் ஓட்டி மகிழ வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குத் தயக்கமின்றிச் சொல்வேன். இலங்கையில் இது கடையில் கிடைப்பதை நான் கண்டதில்லை; எனக்கு ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் பயணப்பையில் கொண்டுவந்து தந்தார். அப்படி யாரிடமாவது சொல்லியனுப்புகிறவர்கள், எஞ்சினோடு அதே நிறுவனத்தின் சரக்குப் பெட்டி ஒன்றையும் மேலதிகக் கொக்கிச் சோடி ஒன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்படுத்தியை மட்டும் அங்கிருந்து வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.