இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன், எத்தனை மீன்: ரங்கூன் வீட்டுக்கான ஓர் ஒப்பீடு

வெப்பமண்டல மீன் என்று கடையில் எழுதியிருப்பதாலேயே அது ரங்கூன் வீட்டின் ஏப்ரல் மாதத்தைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பகல் வெப்பம் 37 டிகிரியை எட்டும் நாளில் மின்சாரமும் நின்றுவிட்டால், முன்கூடத்துத் தொட்டியில் எந்த மீன் முதலில் தவிக்கும் என்ற கேள்வியிலிருந்துதான் நான் தேர்வைத் தொடங்குகிறேன். நிறமும் விலையும் அதற்குப் பிறகு வருபவை. இந்த ஒப்பீடு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டியைக் கணக்கில் கொண்டது. அதன் கொள்ளளவு 54 லிட்டர் என்றாலும், மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, மீனுக்குக் கிடைக்கும் நீர் ஏறக்குறைய 45 லிட்டர்தான்.

சூடான நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவாகவே கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாக இறங்கிவிடும். அதே வேளையில், வெப்பம் ஏற ஏற மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக உயிர்வளியைக் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடும் இந்த நேரத்தில் காற்று பம்ப்பும் நின்றுபோவதுதான் நம் ஊரில் மீன் வளர்ப்பவரின் உண்மையான சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு நீர்த் திருவிழாவான திங்கியான் வாரத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். தொட்டியில் பன்னிரண்டு நியான் டெட்ராக்கள் இருந்தன. பக்கத்து மேசையில் சிறிய தொட்டியில் ஓர் ஆண் ஃபைட்டர் (சண்டை மீன்) தனியாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு நீரின் வெப்பம் 31 டிகிரி. நியான்கள் அனைத்தும் நீர்ப்பரப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூடியபடி செவுள்களை விரித்து அடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் நீலக்கோடு சாம்பல் பூத்துப் போயிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எட்டு மீன்கள் இறந்தன. ஃபைட்டரோ மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் இலைக்கு அடியில் போய் நின்றது. அமேசான் வடிநிலத்தின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள, நிழல் படிந்த நீரைச் சேர்ந்த நியான் 20 முதல் 26 டிகிரி வரையிலான நீரில் நலமாக இருக்கும். அதன் பிறகு நான் நியான் வாங்கவில்லை. குளிரூட்டி இல்லாத வீட்டுக்கு அதைப் பரிந்துரைப்பதும் இல்லை.

அடுத்து நம் நாட்டு மீனான செலஸ்டியல் பேர்ல் டேனியோ. ஷான் மாநிலத்தில் ஹோப்போங் அருகே 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு, மறு ஆண்டே அறிவியல் பெயர் பெற்ற இது, கருநீல உடலில் முத்துப் புள்ளிகளும் செந்நிறத் துடுப்புகளுமாக இருக்கும்; இரண்டரை செ.மீ.க்கு மேல் வளராது. பர்மாவில் வாழும் நாம் பர்மா மீனை வளர்ப்பதே பொருத்தம் என்று பலர் நம்புகிறார்கள். நானும் அந்த ஆசையில்தான் தொடங்கினேன். ஆனால் அதன் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில், ஊற்று நீர் தேங்கும் புல் அடர்ந்த குட்டைகளில் இருக்கிறது. ஒரே நாடு என்பதால் ஒரே நீர் ஆகிவிடாது. வெப்பத்தைப் பொறுத்தவரை இதுவும் நியானும் ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன. டேனியோ சற்றே காரத்தன்மையுள்ள நீரிலும் நலமாக இருக்கும் என்பது மட்டுமே அதற்குச் சாதகம்.

மோல்மீன் பக்கத்துத் தெனாசரிம் நீரோடைகளைச் சேர்ந்த டேனியோ அல்போலினியாட்டஸ் என்ற மற்றொரு பர்மா மீன் இதைவிட வெப்பம் தாங்கும். ஆயினும் அது ஐந்தாறு செ.மீ. வளர்ந்து, கூட்டமாக ஓடித் திரிந்து, மூடி சரியில்லாவிட்டால் வெளியே குதித்துவிடும். அதற்கு மூன்றடித் தொட்டி வேண்டும்.

எனவே இரண்டடித் தொட்டிக்கான போட்டி கப்பிக்கும் தேன் கௌராமிக்கும் இடையில்தான். கப்பி கடினமான (தாது உப்புகள் அதிகம் கரைந்த) நீரையும் நம் ஊர் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும், விலையும் மலிவு. அதன் குறை பெருக்கம். பெண் கப்பி ஒரு முறை சேர்ந்தால் மாதக்கணக்கில் விந்தைச் சேமித்து வைத்து, ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு சோடியுடன் தொடங்குபவர் ஆறே மாதத்தில் அளவு மீறிய தொட்டிக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். ஆண் கப்பிகளை மட்டும் வைப்பதே இதற்கு வழி. தேன் கௌராமி கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களின் மீன்; ஐந்து செ.மீ. வரை வளரும், சாதுவானது, மென்மையான நீரை விரும்புவது. ஃபைட்டரைப் போலவே செவுளுக்கு மேலே காற்றறை பெற்றிருப்பதால், மேலே வந்து காற்றை விழுங்கி மின்வெட்டைக் கடந்துவிடும். மூடிக்கும் நீருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுவது மட்டும் கட்டாயம். ஃபைட்டருக்கும் இதே வலிமை உண்டு. ஆனால் அது கப்பியின் வாலைக் கடித்துக் குதறும். ஆகவே அதைத் தனியாகவே வைக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருவோம். லிட்டருக்கு ஒரு செ.மீ. மீன் என்ற கணக்கு எங்கும் சொல்லப்படுகிறது. சிறிய, மெலிந்த மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும், பெரியவற்றுக்குப் பொருந்தாது. மீனின் நீளம் இரு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. உண்பதும் கழிவதும் அதற்கேற்பப் பெருகும். பத்து செ.மீ. தங்கமீன் ஒன்றைப் பத்து ஒரு செ.மீ. மீன்களுக்குச் சமமாகக் கொள்வது தவறு. அந்தக் கணக்கு தொட்டியின் வடிவத்தையும் பார்ப்பதில்லை. நம் தொட்டியின் நீர்ப்பரப்பு 1,800 சதுர செ.மீ. அதே 54 லிட்டரை 30 செ.மீ. சதுர அடிப்பாகத்தில் உயரமாக நிறுத்தினால் பரப்பு 900 சதுர செ.மீ. ஆகிவிடும். பம்ப் நின்ற நேரத்தில் உயிர்வளி அந்தப் பரப்பின் வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். அலங்காரத்துக்காக உயரமான தொட்டியை வாங்குபவர் மீன்களைப் பாதியாகக் குறைத்தே ஆக வேண்டும்.

45 லிட்டர் நீருக்கு அந்தக் கணக்கு 45 செ.மீ. மீனை அனுமதிக்கிறது. நான் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்கிறேன்: ஒரு ஆணும் இரண்டு பெண்ணுமாக மூன்று தேன் கௌராமி, ஆறு ஆண் கப்பி. இரண்டுமே நடுநிலையான நீரில் ஒத்துப்போகும். காற்று பம்ப்பால் இயங்கும் பஞ்சு வடிகட்டியான ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடத் தொடங்கி, மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிர்கள் அதில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே முதலில் கப்பிகளில் மூன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை ஒரு மாதத்துக்குப் பின் சேர்க்க வேண்டும். நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும் என்பதால், குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துபவர்கள் பிஹெச் பார்க்காமல் மீனைக் கூட்டவே கூடாது. மின்சாரம் இல்லாத நாளில் இரை போடுவதையும் தவிர்க்க வேண்டும். பவர் பேங்கில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது இன்னும் நல்லது.

ஷான் மலையில் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள தௌஞ்சியில் வசிப்பவர்களுக்கு இந்தத் தேர்வு அப்படியே தலைகீழாகும். அங்கே குளிர்கால இரவில் ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் ஹீட்டர் வேண்டும், மின்வெட்டில் அந்த ஹீட்டரே நின்றுபோகும். அந்த ஊர் வீட்டின் இரண்டடித் தொட்டிக்கு, அடர்ந்த பாசியும் செடிகளும் இட்டு, பத்து செலஸ்டியல் பேர்ல் டேனியோக்களை விடுவதையே நான் முதலில் சொல்வேன்.