கன்மெட்டல் வால்வு சாகாது, அதன் வீல்தான் செத்துவிடும்

நீலாங்கரைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் கேட்டார்: "பித்தளை பால் வால்வு இவ்வளவு சல்லிசாக் கிடைக்குதே, கன்மெட்டல் கேட் வால்வுதான் போடணுமா?" பால் வால்வு கைப்பிடியைக் கால் சுற்று திருப்பி மூடுவது, கேட் வால்வு தலையில் இருக்கும் வீலைப் பல சுற்று சுற்றி மூடுவது. கன்மெட்டல் என்பது செம்பில் தகரம் கலந்த உலோகம். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் மொட்டைமாடி லைனை மூடப் போன என் கையோடு கன்மெட்டல் வால்வின் வீல் பாதி உடைந்து வந்திருந்தது. கன்மெட்டலுக்கு "போடாதீங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டேன். ஏன் என்று அவர் திரும்பக் கேட்டதற்குத்தான் இந்த நீளமான பதில்.

முதலில் கன்மெட்டல் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். கோடையில் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்கென்று இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 விட்டுக்கொடுக்கும் உச்ச அளவே அவ்வளவுதான். காற்றிலும் உப்பு. ஜன்னல் கம்பி, கேட் கீல், ஏசியின் வெளி யூனிட் எல்லாம் அரித்துப்போய் மாற்றியாயிற்று. மோட்டாரிலிருந்து மேலே ஏறும் லைனில் வீடு கட்டும்போது மாட்டிய ஒன்றரை இஞ்ச் கன்மெட்டல் வால்வின் உடம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மேலே கறுத்த பழுப்பு, ஸ்பிண்டில் (வீல் திருப்பும் தண்டு) வெளியே வரும் இடத்தை இறுக்கும் கிளாண்ட் நட்டின் ஓரத்தில் கொஞ்சம் பச்சைப் பூப்பு, அவ்வளவுதான். பிளேடு முனையால் லேசாகச் சுரண்டினால் செம்மஞ்சளாகப் புது உலோகம் தெரிகிறது. பழைய சரக்கு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

பித்தளையின் கதை வேறு. அதே தண்ணீரில் கிடந்த ஒரு பித்தளை வால்வைக் கழற்ற பிளம்பர் ரெஞ்சை வைத்ததும் மரையோடு முறிந்து வந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் தோல், உள்ளே முழுக்கச் செம்பு நிறம். நகத்தால் கீறினால் செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது. சாதாரணப் பித்தளையில் 35 முதல் 40 சதவீதம் வரை துத்தநாகம். உப்புத் தண்ணீர், அதுவும் ஓடாமல் தேங்கி நிற்கும் தண்ணீர், துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பது ஓட்டை ஓட்டையான செம்பு. அளவும் வடிவமும் மாறாது, பலம் மட்டும் போயிருக்கும். வால்வுக்கு வெளியே வெள்ளைப் பொடி பூத்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

கன்மெட்டலில் அந்தப் பயம் இல்லை. நம் ஊர் வால்வுகளுக்கு வார்ப்பது பெரும்பாலும் ஐ.எஸ். 318-ல் எல்டிபி 2 என்று குறிப்பிடும் கலவை: செம்பு 85, தகரம் 5, துத்தநாகம் 5, ஈயம் 5. கரைந்து போக அதில் துத்தநாகமே அதிகம் கிடையாது. உப்புக்குத் தாக்குப்பிடிக்கும் தெம்பு தகரம் கொடுப்பது. கடல் தண்ணீரிலேயே கிடக்க வேண்டிய கப்பல் சாமான்களுக்குத் தகரத்தை 10 வரை ஏற்றி 88-10-2 என்று வார்ப்பார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இத்தனை நல்ல உடம்பைச் செய்கிறவர்கள் அதன் தலையில் வார்ப்பிரும்பு வீலை வைத்து, சாதா இரும்பு நட்டால் இறுக்கி, சிவப்பு பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள். கடைகளில் நான் பார்த்ததெல்லாம் அநேகமாக இந்த ரகம்தான். செம்புக் கலவையும் இரும்பும் ஒட்டிக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் இருந்தால், செம்பு தப்பிக்கும், இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். பள்ளிக்கூடப் பாடம்தான் இது. முதலில் நட்டு துருவாகி உப்புகிறது. பிறகு வீலின் நடுவில் இருக்கும் சதுர ஓட்டை தேய்ந்து வட்டமாகிறது. அதற்குப் பிறகு வீல் சுற்றும், ஸ்பிண்டில் சுற்றாது.

தனி வீல் கேட்டுக் கடைக்குப் போனால், "முழு வால்வாத்தான் சார் வரும்" என்பார்கள். எங்கேயாவது ஒன்று கிடைத்தாலும் சதுரம் பொருந்தாது. கடைசியில் பிளம்பர் கட்டிங் பிளேயரை வைத்து ஸ்பிண்டிலைத் திருப்புவார். அந்த ஸ்பிண்டிலும் பல கம்பெனிகளில் பித்தளைதான், அதனால் மூலைகள் மழுங்கும். இந்த வால்வில் திறக்கும்போது ஸ்பிண்டில் மேலே எழும்புவதும் இல்லை. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. தலைமுறை தாண்டும் உடம்பு, திருப்ப வழியில்லை. இதற்கா இவ்வளவு விலை?

வீலோடும் நிற்கவில்லை. ஒட்டி மாட்டிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிளையும், அதாவது குட்டைக் குழாய்த் துண்டையும், இதே கணக்கில் தின்றுவிட்டது. வால்வு கசியவில்லை, பக்கத்து மரை கசிகிறது. இரண்டு பக்கமும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் அடாப்டர் போட்ட பிறகுதான் அந்தத் தொல்லை நின்றது.

நண்பர் சமையலறை லைனுக்கும் கன்மெட்டல் வால்வையே நினைத்திருந்தார். அங்கே ஈயத்தை யோசிக்க வேண்டும். ஈயம் செம்போடு கலக்காமல் துளித்துளியாக நின்று வார்ப்பின் நுண்துளைகளை அடைக்கிறது, கடைசலும் சுலபமாகிறது. இரவெல்லாம் தேங்கிய தண்ணீரில் அது கொஞ்சம் இறங்கலாம். நம் தரத்தில் குடிநீரில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர்ச் சாமான்களில் தண்ணீர் படும் பரப்பில் சராசரி 0.25 சதவீத ஈயத்துக்கு மேல் கூடாது. எங்களுக்குப் போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் என்பதால் கவலையில்லை. குடிக்கிற லைனில் நான் போட மாட்டேன்.

ஆக, நண்பருக்கு அதே பதில்தான்: போடாதீங்க. யுபிவிசி (பிளாஸ்டிக்) வால்வு வாங்கி வெயில் படாமல் மறைவாக மாட்டுங்கள், உடைந்தால் தூக்கிப்போட்டு வேறு மாட்டுங்கள். என் வீட்டு வால்வைக் கழற்றுவீர்களா என்றால், மாட்டேன். அது கிடக்கட்டும்.

இல்லை, கன்மெட்டல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஐ.எஸ். 778 முத்திரை பாருங்கள். அடியில் அரத்தால் ஒரு கோடு இழுங்கள். எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் கடையிலேயே நட்டைக் கழற்றிப் பித்தளை நட்டு போட்டு, வீலின் ஓட்டைக்குள் கிரீஸ் அப்பித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.