கிளாம்ப் மீட்டரோடு ஆறு வருடம்

"ராடு போயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிக்கோங்க" என்று கடைக்காரர் சொன்ன மார்கழியில்தான் இந்த மீட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. 1500 வாட் இம்மர்ஷன் ராடு. கால் மணி நேரத்தில் சுட வேண்டிய ஒரு வாளித் தண்ணீர், இருபது நிமிடம் தாண்டியும் வெதுவெதுப்பாகவே இருந்தது. புது ராடு வாங்காமல் அதைவிட அதிகக் காசு போட்டு, வயரை அறுக்காமல் வெளியிலிருந்தே தாடையால் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். வீட்டில் கிடைத்த அர்ச்சனையை விடுங்கள்.

முதல் நாளே அசடு வழிந்தேன். ராடின் வயரை முழுசாகக் கவ்வ வைத்தால் காட்டியது பூஜ்யம். ஃபேஸில் போகும் மின்னோட்டம் நியூட்ரலில் திரும்புகிறது, இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து, ஃபேஸ் வயர் மட்டும் தனியாக வெளியே வளையும்படி ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் செய்து கொண்டேன். இன்றுவரை அதுதான் என் ஆய்வுக்கூடம்.

காலை ஆறரை மணி, தெருவே ஹீட்டர் போடும் நேரம். ராடு ஓடும்போதே அளந்தேன்: 195 வோல்ட், 5.5 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 35.5 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் எடுக்கும் ராடுக்கு இருக்க வேண்டிய மின்தடை 35.3 ஓம். ஆக, ராடு தங்கம். ஆனால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது 1070 வாட் சொச்சம்தான். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்ததற்கு வாட் ஏன் கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைய வேண்டும்? வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்குகிறது, அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 20 லிட்டரை 17 டிகிரி ஏற்ற 1500 வாட்டுக்கு 16 நிமிடம் போதும், 1070 வாட்டுக்கு 22 நிமிடம் வேண்டும். அந்த ராடு இன்னும் ஓடுகிறது.

இந்த மீட்டர் போட்ட காசை மீட்டுக் கொடுத்தது இரண்டாம் வருடம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராடைச் செருகினால் லேசாகப் பிளாஸ்டிக் வாடை. சுவர் சாக்கெட்டில் 227 வோல்ட், பாக்ஸின் முனையில் 216, ஓடுவது 6.1 ஆம்பியர். நடுவில் தொலைந்தது 11 வோல்ட். அதை 6.1ஆல் வகுத்தால் 1.8 ஓம். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத எண். அந்த 11 வோல்ட்டை 6.1 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: 67 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டரையைப் பாக்ஸுக்குள் வைத்து மூடிய மாதிரி. பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்தால் ஒரு ஸ்க்ரூ லூஸாகி, சுற்றிலும் கரி பிடித்திருந்தது. நல்ல செம்பு வயரும் புது சாக்கெட்டும் போட்டபின் இழப்பு ஒரு வோல்ட்டைத் தாண்டவில்லை. ராடு ஓடாத நேரத்தில் அளந்திருந்தால் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ்தான் காட்டியிருக்கும், நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஓம் ஸ்கேலிலேயே நேராக மின்தடை பார்க்கலாமே என்பார்கள். கழற்றி வைத்த ராடுக்குச் சரி. பழைய 60 வாட் குண்டு பல்பைக் கையில் வைத்து அளந்தால் 65 ஓம் காட்டியது. அந்தக் கணக்குப்படி அது 800 வாட் பல்பு! எரியும்போது ஓடுவது 0.26 ஆம்பியர், அதாவது 885 ஓம். டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக மின்தடை அப்படி ஏறுகிறது. குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியில், இழை குளிர்ந்திருந்து மின்னோட்டம் எகிறும்போது, டப்பென்று போவதும் இதனால்தான். ராடில் இருக்கும் நிக்ரோம் கம்பி அவ்வளவு ஆட்டம் காட்டாது.

0.26 போன்ற சின்ன ஆம்பியரை இந்த மீட்டர் அப்படியே நம்பும்படி காட்டாது. ஃபேஸ் வயரைத் தாடைக்குள் பத்து சுற்று சுற்றி, வந்ததைப் பத்தால் வகுப்பேன். 

குறைகள்? என்னுடையது ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவத்தில் இருந்தாலும் சரியாக அளப்பது) இல்லாத மலிவு ரகம். சதுர வடிவ அலை தரும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வைத்தால் நிஜத்தைவிடச் சுமார் 11 சதவீதம் கூட்டிச் சொல்லும். பேட்டரி, சோலார் பக்கம் ஓடும் டிசி மின்னோட்டத்தைக் கவ்வி அளக்கவும் முடியாது. இன்று வாங்குவதாக இருந்தால் இந்த இரண்டு வசதியும் உள்ளதைத்தான் எடுப்பேன்.

ஃபிரிட்ஜில் மட்டும் பெருக்கல் கணக்கு பல்லிளித்தது. 230 வோல்ட், 1.3 ஆம்பியர், கிட்டத்தட்ட 300 வருகிறது. வீட்டு ஈபி மீட்டரின் சிவப்பு விளக்குக்கு ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கிறது. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு எண்ணினேன்: ஆறேகால் நொடிக்கு ஒரு சிமிட்டல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-நொடி, 3200ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125. அந்த 1125ஐ 6.25ஆல் வகுத்தால் 180 வாட். மோட்டார் உள்ள சாமானில் மின்னோட்டம் வோல்டேஜுக்குப் பின்தங்கி வருவதால், பெருக்கி வருவது வாட் அல்ல, விஏ (வோல்ட்-ஆம்பியர்). 180ஐ 300ஆல் வகுத்தால், விஏவில் எவ்வளவு பங்கு நிஜ வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டர் 0.6. அதனால் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டிக்குக் கிளாம்ப் மீட்டர், ஃபிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கு என்று பிரித்துக்கொண்டேன். விளக்கை எண்ணும் நேரத்தில் யாராவது ஃபேன் போட்டால்தான் சண்டை வரும்.