சல்லிசான ஹெல்த் பாலிசி: தறிக்காரர், ஜாப் ஒர்க்காரர் கவனத்துக்கு

பல்லடம், சோமனூரில் பத்துத் தறி, திருப்பூரில் நாலு ஓவர்லாக் மிஷின் என்று சொந்தத் தொழில் செய்கிறவர்களிடம் “அஞ்சு லட்சம் கவருங்ணா, இத்தனை சல்லிசா எங்கயும் கிடைக்காது” என்று ஒரு பாலிசி விற்கிறார்கள். ஆட்களுக்கு இஎஸ்ஐ இருந்தாலும் முதலாளிக்குக் கிடையாது. அதனால் விலையைக் கேட்டதும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வில்லங்கம் ஆஸ்பத்திரியில்தான் தெரியும்.

பாலிசியில் “அறை வாடகை காப்புத் தொகையில் 1%” என்று ஒரு வரி இருக்கும். 5 லட்சத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய். கோவையில் 8,000 ரூபாய் அறையில் நாலு நாள் படுத்தவர், கைக்காசு 12,000 போகும் என்றுதான் நினைப்பார். ஆனால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாமே எட்டுக்கு ஐந்து என்று வெட்டுப்படும். பில் 2,40,000 என்று வையுங்கள். அறை 32,000க்கு 20,000 வரும். டாக்டர், தியேட்டர் வகை 1,28,000க்கு 80,000தான். மருந்து, இம்ப்ளான்ட் 80,000 மட்டும் வெட்டில்லாமல் வரும். ஆக 60,000 துண்டு. 10% கோ-பேமென்ட்டும் (வரும் தொகையில் நாம் போட வேண்டிய பங்கு) இருந்தால் இன்னொரு 18,000. கையுறை, பஞ்சுக்கு நாமே கட்டும் கணக்கு தனி.

இதைவிட மோசம் பாலிசி எடுக்க நிரப்பும் ஃபாரம். சுகர், பிரஷர் கேள்விக்கெல்லாம் ஏஜென்ட்டே “இல்லை” போட்டுவிட்டு, “ஓடிபி மட்டும் சொல்லுங்ணா” என்பார். சொன்னால் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். சுகர் இருக்கிறதென்று எழுதினால் பிரீமியம் கொஞ்சம் கூடலாம். சுகர் சம்பந்தமான கிளெய்முக்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். மறைத்தது பழைய மருந்துச் சீட்டில் தெரிந்தால் கிளெய்மும் போகும், பாலிசியும் ரத்தாகும். “அஞ்சு வருஷம் ஆனா கேக்க மாட்டாங்க” என்பது பாதி உண்மை. 60 மாதம் கழிந்தாலும் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம்.

பாலிசி கைக்கு வந்த அன்றே உள்ளிருக்கும் ஃபாரம் நகலைப் பாருங்கள். தப்பு இருந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் கொடுத்துத் திருத்தலாம், வேண்டாமென்று திருப்பியும் கொடுக்கலாம். மெடிக்கல் டெஸ்ட், முத்திரைச் செலவு, கவர் இருந்த நாட்களுக்கான தொகை போக மீதி வரும். வேறு கம்பெனிக்கு மாற்றுவதானால் ரினிவலுக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். முடித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். பொய் ஃபாரமும்தான்.

தனிநபர், குடும்ப பாலிசிக்கு 22-9-2025 முதல் ஜிஎஸ்டி இல்லை. ஒரு அமைப்பு பலருக்கும் சேர்த்து மொத்தமாக எடுக்கும் குரூப் பாலிசிக்கு 18% தொடர்கிறது. ஆகவே “பிளஸ் ஜிஎஸ்டி” என்று கேட்டால், உங்களுக்கு விற்பது குரூப் சர்டிஃபிகேட்டா என்று விசாரியுங்கள். அந்த மொத்த பாலிசியை (மாஸ்டர் பாலிசி) எடுத்த அமைப்பு அதை நிறுத்தினால் உங்கள் கவரும் நின்றுபோகும்.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியும், வெட்டிய தொகையை வகைவாரியாகக் காட்டும் செட்டில்மென்ட் லெட்டரும் கட்டாயம் இணையுங்கள்.