சோடாவா, ஈனோவா, பான் மாத்திரையா? எந்த ஏப்பத்துக்கு எது கேட்கும்

"கேஸ் புடிச்சிருக்கு, ஏதாச்சும் குடுங்கண்ணே."

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் 14 வருடமாக நிற்கிறேன். நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சளி, காய்ச்சலுக்கு மழைக்காலம் வர வேண்டும். கேஸுக்குக் காலமே கிடையாது. காலையில் கடை திறக்கும்போதே ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்பார். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு இன்னொருவர் குனிந்து எட்டிப் பார்ப்பார். அடுத்த கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "எது நல்லா கேக்கும்?"

போட்டியில் இருப்பவை ஐந்தாறு. பக்கத்துப் பெட்டிக்கடையில் கோலி சோடா. என் கடையில் ஈனோ பாக்கெட், ஜெலுசில், டைஜின் சிரப்புகள், பான் 40 மாத்திரை, பான்-டி காப்ஸ்யூல். வீட்டு அஞ்சறைப் பெட்டியில் ஓமமும் சீரகமும். எதையும் ஒரேயடியாக நல்லது என்றோ கெட்டது என்றோ என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஏப்பம் ஒரே வகை கிடையாது. பெரியவர்கள் பசியேப்பம் வேறு, புளியேப்பம் வேறு என்று பிரித்தே பேசினார்கள். காலி வயிற்றில் வருவது ஒன்று, தின்றது செரிக்காமல் புளித்து மேலே வருவது இன்னொன்று. 'கேஸ்' என்ற ஒற்றைச் சொல் வந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

மருந்தைப் பேசுவதற்கு முன் காற்றைப் பேசிவிடலாம். ஒவ்வொரு மடக்கு விழுங்கும்போதும் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது, வெறும் எச்சிலை விழுங்கினால்கூட. அது வயிற்றின் மேல்பகுதியில் சேர்ந்து சுவரை விரிக்கிறது. உணவுக்குழாயும் வயிறும் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி இறுகியிருக்கும் தசை அப்போது சில விநாடி தளர்கிறது, காற்று வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு 30 தடவை வரை இப்படி வந்தாலும் அது இயல்புதான்.

உருளைக்கிழங்கு, மொச்சை, கொண்டைக்கடலையின் வாயு வேறு. அது பெருங்குடலில் கிருமிகள் மாவுச்சத்தை நொதிக்க வைப்பதால் உண்டாவது, பெரும்பாலும் கீழ்வழியாகத்தான் போகும். ஏப்பத்துக்காக உருளைக்கிழங்கை வருடக்கணக்கில் ஒதுக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவர்கள், போனில் பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்கள், சூயிங்கம் மெல்கிறவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள். ஒருவருக்குப் பல்செட் தளர்ந்திருந்தது. எச்சில் ஊற ஊற விழுங்கிக்கொண்டே இருந்தார். அவருக்கு மருந்தைவிட பல் டாக்டர்தான் தேவைப்பட்டார்.

சோடாவும் ஈனோவும்

கோலி சோடா பாட்டிலுக்கு 1872-இல் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். கோலியை அழுத்தியதும் 'டப்' என்று திறக்கிற சத்தத்திலேயே பாதி பேருக்குத் தெம்பு வந்துவிடும். குடித்த அரை நிமிடத்தில் பெரிய ஏப்பம் ஒன்று வரும். "அப்பாடா, போயிருச்சு" என்பார்கள். ஆனால் வெளியே வந்ததில் பெரும்பகுதி இப்போது குடித்த சோடாவின் கார்பன் டை ஆக்சைடுதான். பழைய காற்றும் கொஞ்சம் கூட வந்திருக்கலாம், அதனால் வயிறு லேசானது போலவும் தோன்றும். அமிலத்தை சோடா குறைப்பதில்லை. வயிற்றை இன்னும் விரித்து அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்துவதால், எதுக்களிப்பு உள்ளவர்களுக்குப் புளிப்புத் தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறிவிடும்.

ஈனோ பொங்குவதும் அதே கார்பன் டை ஆக்சைடுதான். ஆனால் அதில் உள்ள சோடியம் பைகார்பனேட் அமிலத்தை உண்மையாகவே முறிக்கிறது. எப்போதாவது கல்யாண விருந்தில் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு கரிக்கிறது என்றால், சோடாவைவிட ஈனோ தேவலாம். வேலை செய்வதும் வேகம், அடங்குவதும் வேகம். கவனிக்க வேண்டியது உப்பை. ஒரு 5 கிராம் பாக்கெட்டில் சோடியம் மட்டும் 800 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு நாள் முழுவதுக்கும் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தினமும் இரண்டு பாக்கெட் போடுகிற பிபி நோயாளி, சாம்பாரில் உப்பைக் குறைத்து என்ன பயன்? இதய பலவீனமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஆபத்து இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு மறக்காது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, ஒன்பதரை இருக்கும். ஐம்பது வயதுக்காரர், சுகர் மாத்திரை எங்களிடம்தான் வாங்குவார். மேல்வயிற்றில் அடைக்கிற மாதிரி இருக்கிறது, ஏப்பமாக வருகிறது என்று ஈனோ கேட்டார். டம்ளரில் கலந்து கவுண்டரிலேயே குடித்தார். இரண்டு ஏப்பம் வந்தது. "இப்ப பரவால்ல" என்று சொல்லி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போனார். தை மாசக் குளிரில் அவர் ஏன் கழுத்தைத் துடைத்தார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மூன்றாம் நாள் அவர் மகன் ஒரு சீட்டோடு வந்தான். எக்கோஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின், மூன்றும் சேர்ந்து மாரடைப்பு வந்தவர்களுக்கு எழுதுகிற மருந்துகள். சீட்டைப் படித்ததுமே என் கை நடுங்கிவிட்டது. அந்த ராத்திரியே மாரடைப்பு வந்து, விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் தாமதத்தில் இதயத்தசை சேதப்பட்டு, மாடிப்படி ஏறவே திணறுகிறார்.

இதயத்தின் அடிச்சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்ற தசையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே வயிறு. இரண்டின் வலியையும் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் சேர்கின்றன. மூளைக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. அதனால் அடிச்சுவர் மாரடைப்பு குமட்டலாகவும் ஏப்பமாகவும் மேல்வயிற்று அடைப்பாகவும் வரலாம். பல வருடம் சுகர் இருப்பவர்களுக்கு நரம்பு மங்கிப்போய் நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். ஏப்பம் வந்து லேசானது என்பது இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் கனம், நடந்தால் கூடி நின்றால் குறையும் அடைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் பாக்கெட்டைப் பிரிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்கப் போக வேண்டும். ஈசிஜி எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும்.

சிரப்புகள்

ஜெலுசில், டைஜின் வகைகளில் அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடுகள் அமிலத்தை முறிக்கின்றன. சிமெதிகோன் என்ற பொருள் நுரையின் சின்னக் குமிழ்களை உடைத்துப் பெரிதாக்கி வெளியேறச் செய்கிறது. பொங்குவதில்லை, சோடியமும் ஈனோ அளவுக்குக் கிடையாது. அவ்வப்போது வரும் நெஞ்செரிச்சலோடு கூடிய ஏப்பத்துக்குக் கடையில் எதை எடுப்பேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தைராய்டு மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் இடைவெளி விட வேண்டும், அவற்றை உடம்பில் சேரவிடாமல் இது தடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பான் மாத்திரை

இதைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம். பான்டாப்ரசோல் நல்ல மருந்து. வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்பையே அடைக்கிறது. எதுக்களிப்பு நோயிலும் புண்ணிலும் இதற்கு இணை இல்லை. ஆனால் இது காற்றுக்கான மருந்து கிடையாது. புளியேப்பம், நெஞ்செரிச்சல், படுத்தால் தொண்டைக்கு ஏறும் புளிப்பு, இவற்றோடு வரும் ஏப்பம் இதில் குறையும். வெறும் காற்றேப்பம் அப்படியே இருக்கும். ஏப்பம் போகவில்லையே என்று மாத்திரையைக் காலையும் மாலையும் ஆக்கிக்கொள்கிறார்கள்.

சாப்பிடும் முறையும் தப்பு. வலி வந்ததும் போடும் மாத்திரை இல்லை இது. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் போட வேண்டும், முழுப் பலன் தெரிய சில நாள் ஆகும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கிறவருக்கு அன்று ராத்திரி அது அதிகம் உதவாது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் குறையலாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரந்து, "மாத்திரை இல்லாம முடியல" என்று தோன்ற வைக்கும். டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. கேட்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேரிடம் சீட்டு இருப்பதில்லை.

பான்-டி-யில் பான்டாப்ரசோலோடு டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது. வயிறு மந்தமாகக் காலியாகிறவர்களுக்கு அது உதவும். ஆனால் அது இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால், 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டாம் என்றது. ஒரு பான்-டி காப்ஸ்யூலிலேயே 30 மில்லிகிராம் இருக்கிறது. அதை மாதக்கணக்கில் மளிகைச் சாமான் மாதிரி வாங்கிப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. விடாத ஏப்பத்துக்கும் மேல்வயிற்று எரிச்சலுக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி காரணமாக இருக்கலாம். வயிற்றுப் புண்ணுக்கு மிளகாயும் மனக்கவலையும்தான் காரணம் என்று எல்லோரும் நம்பியபோது, ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியைக் காட்டினார்கள். 1984-இல் மார்ஷல் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எதிலும் இதைக் கண்டுபிடிக்கலாம், சில மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து ஒழிக்கவும் முடியும். பான் போட்டுக்கொண்டே போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும். குறைந்தது இரண்டு வாரம் முன்பு நிறுத்த வேண்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டு.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, தார் மாதிரி கறுப்பு மலம், இரத்த வாந்தி, இரத்தசோகை இவை இருந்தால் எந்த மாத்திரையையும் ஒப்பிட வேண்டிய அவசியமில்லை. நேராக எண்டோஸ்கோபிக்குத்தான் போக வேண்டும். அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம் வந்தால் உணவு வயிற்றிலேயே தேங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். நீண்ட நாள் சுகர், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணித் தொற்று, இப்போது எடைக்காகப் போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் இதற்குக் காரணமாகலாம்.

ஓமமும் இஞ்சியும்

ஓமத்தில் உள்ள தைமால்தான் அந்தக் காரமான வாசனை. சாப்பிட்ட பின் வரும் மந்தத்துக்குக் கொஞ்சம் ஓமத் தண்ணீரோ இஞ்சிச் சாறோ தாராளமாகக் குடிக்கலாம். இஞ்சி வயிறு காலியாவதை வேகப்படுத்துகிறது. புதினா மட்டும் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம், சுருக்குத் தசையைத் தளர்த்திவிடும்.

நீவி விடும் ஏப்பம்

என் பெரியம்மாவுக்கு ஆறு வருடமாக ஏப்பம். தோளில் தைலம் தடவி நீவினால் ஒரே மூச்சில் பத்து, பதினைந்து ஏப்பம் தொடர்ச்சியாக வரும். "பாரு, அங்க தங்கியிருந்த வாயு வெளிய வருது" என்பார். தோள்பட்டைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் காற்று போக வழியே கிடையாது. ஆனால் அவர் நடிக்கவில்லை, அந்த வேதனை நிஜம். பான், ஜெலுசில், சோடா எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் சற்று முன்பு கழுத்து லேசாக நீண்டு, காற்றை உள்ளிழுக்கிற மாதிரி ஒரு அசைவு. டிவி சீரியலில் மூழ்கியிருந்த அரை மணி நேரம் ஒன்றுகூட இல்லை. தூக்கத்திலும் இல்லை. இப்படிப்பட்ட ஏப்பத்தில் காற்று வயிறு வரைக்கும் போவதே கிடையாது. உணவுக்குழாய்க்குள் இழுக்கப்பட்டு உடனே திரும்பி வெளியே வந்துவிடுகிறது. நெஞ்சில் ஒரு சங்கடம் வரும்போது உடம்பு தன்னறியாமல் பழகிக்கொண்ட அசைவு இது. பதற்றம் கூடினால் இதுவும் கூடும்.

வயிறு, குடல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனைகளை முடித்துவிட்டு அவர் எழுதிக் கொடுத்தது உதரவிதான மூச்சு. மல்லாந்து சாய்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து, வயிற்றுக் கை மட்டும் உயரும்படி மூக்கால் மெதுவாக இழுத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி அதைவிட மெதுவாக விட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், அப்புறம் ஏப்பம் முட்டும்போதெல்லாம். வாயைத் திறந்து வைத்திருந்தால் காற்றை இழுத்து விழுங்குவது கடினம்.

முதல் வாரம் பெரியம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. "மாத்திரை குடுக்காத டாக்டர் என்ன டாக்டர்" என்றார். இரண்டாம் மாதம் தைலப் பாட்டில் அலமாரிக்குப் போனது. இப்போதும் ஏப்பம் வருகிறது, சாப்பிட்ட பின் இரண்டோ மூன்றோ. அதை அவர் எண்ணுவதில்லை.