கல்லடி வீட்டுக்கு எந்த சேர்வர்: குட்டிப் பெட்டியா, ரேக் இயந்திரமா?

வீட்டில் எந்நேரமும் ஓடும் சேர்வர் கணினிக்கு செகண்ட் ஹாண்டில் இரண்டு தெரிவுகள். ஒன்று குட்டிப் பெட்டியான லெனோவோ எம்720க்யூ, ஐ5-8500டி புரொசெசரோடு. மற்றது டெல் ஆர்720, ரேக் எனும் இரும்புச் சட்டத்தில் பொருத்தும் பெரிய சேர்வர்.

நினைவகத்தில் டெல்லை அடிக்க முடியாது: 24 ரேம் இடங்கள், பிழை திருத்தும் ரேம், இரண்டு சியோன் (சேர்வருக்கான புரொசெசர்). திரை இல்லாமலே தூரத்திலிருந்து இயக்கலாம். லெனோவோவில் இரண்டே ரேம் இடங்கள், புரொசெசரில் ஆறு கோர்.

ஆனால் கரண்ட் பில் வேறு கதை. டெல் சும்மா இருந்தாலே 100 வாட் குடிக்கும். மாதம் 72 யூனிட். வீட்டுப் பாவனையோடு சேர்ந்தால் கட்டணம் மேல்படிக்கு ஏறிவிடும். லெனோவோ சும்மா இருக்கையில் 15 வாட் என்றாலும் 11 யூனிட்டுக்குள் முடியும். மாரியில் கரண்ட் போனால் சின்ன யூபிஎஸ்ஸே அதைக் கொஞ்ச நேரம் தாங்கும். டெல்லின் காற்றாடிகள் போடும் சத்தத்தில் அம்மா அதை வீட்டுக்குள் விடமாட்டா. வெளியே வைத்தால் கடற்காற்றின் உப்பு தின்னும்.

ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸ் போட்டு ஐந்தாறு லினக்ஸ் மெய்நிகர் கணினி ஓட்ட லெனோவோவும் 32 ஜிபி ரேமும் போதும். பெரிய தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுபவர் மட்டும் டெல்லைப் பார்க்கலாம். நான் லெனோவோ பக்கம். மிச்சக் காசுக்கு நல்ல எஸ்எஸ்டி ஒன்று வாங்குவேன். பழைய பெட்டியோடு வரும் டிஸ்க்கை நம்பமாட்டேன்.