காஸ்க்கா, கெக்கா? பிரிட்டன் பப்பில் எந்த பீர்?

பிரிட்டனில் பப் ஒன்றின் கவுண்டரில் இரண்டு வகைக் குழாய்கள் இருக்கும். ஒன்று, பணியாளர் வலுவாக இழுத்து நிரப்ப வேண்டிய நீண்ட கைப்பிடி கொண்ட கைப்பம்பு. மற்றது, லேசாகத் திருப்பினாலே பீர் பாயும் குழாய். முன்னதில் வருவது காஸ்க், பின்னதில் வருவது கெக். இரண்டும் ஒரே ஆலையில், ஒரே மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) கொண்டு காய்ச்சியவையாகக்கூட இருக்கலாம். நொதித்தல் முடிந்த பிறகுதான் அவற்றின் பாதை பிரிகிறது.

கெக்கின் கதை எளிது. பெரிய ஆலைகளில் பீரை வடிகட்டி ஈஸ்ட்டை நீக்குவார்கள். பெரும்பாலும் சூடாக்கிக் கிருமிகளையும் அழிப்பார்கள். பிறகு கார்பன் டை ஆக்சைடு ஏற்றி உலோகக் கலனில் அடைத்துவிடுவார்கள். பப்பில் வாயு அழுத்தமே பீரைக் குழாய்க்குத் தள்ளுகிறது. வெளிக்காற்று உள்ளே போக வழியே இல்லை. அதனால் திறந்த கெக் வாரக்கணக்கில் தாங்கும்.

காஸ்க்கில் இருப்பது உயிருள்ள பீர். ஈஸ்ட் உள்ளேயே இருக்க, பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் நொதிப்பு தொடர்கிறது. பீப்பாயைப் படுக்கவைத்து, அசையாமல் அண்டைகொடுத்து, மேலே உள்ள அடைப்பில் நுண்துளைகள் கொண்ட மென்மையான மர ஆப்பு ஒன்றை அடிப்பார்கள். மிகுதியான வாயு அதன் வழியே கசிந்து நுரைக்கும். நுரை அடங்கும் தருணம் பார்த்து, அதை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத கடின ஆப்பை அடிக்க வேண்டும். முன்கூட்டியே மாற்றினால் பீர் கட்டுக்கடங்காமல் நுரைக்கும். தாமதித்தால் உயிரற்றுச் சப்பென்று ஆகிவிடும். பிறகு கசடு படியும்வரை பொறுத்திருக்க வேண்டும். நிலவறை வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இத்தனையையும் செய்பவர் பப்பின் நிலவறைப் பொறுப்பாளர். ஆலையில் தொடங்கிய வேலையை முடித்துவைப்பவர் அவர்தான் என்பது என் உறுதியான எண்ணம். அவருக்குரிய பெயர் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

காஸ்க்கின் பலவீனமும் இங்கேதான் தொடங்குகிறது. பீரை இழுக்க இழுக்க, அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. முதல் நாளில் அது சுவையை மென்மையாக்கும். மூன்று நாள் கடந்தால் புளிப்பு தட்டும். இன்னும் போனால் வினிகர் வாடை வரும். பரவலாகப் புழங்கும் ஃபர்கின் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) பிடிக்கும். அடியில் கசடாக நிற்பதைக் கழித்தாலும், ஒரே வகையில் நாளொன்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட பைண்ட் விற்காத பப், அந்த பீரை நல்ல நிலையில் கொடுத்துத் தீர்க்க முடியாது. ஆகவே எட்டுக் கைப்பம்புகளும் காலி நாற்காலிகளுமாக இருக்கும் பப்பில் நான் காஸ்க் கேட்க மாட்டேன். இரண்டே கைப்பம்புகள் வைத்து, கூட்டம் நிறைந்த பப்பில் தயங்காமல் கேட்பேன்.

1960களில் பெரிய ஆலைகள் கெக் பக்கம் சாய்ந்ததற்கு இந்தத் தொல்லையே முக்கியக் காரணம். வாட்னீஸ் ரெட் பேரல் என்ற கெக் பீர் அந்தக் காலத்தின் அடையாளம். காஸ்க் பீரைக் காக்க 1971இல் நான்கு பேர் தொடங்கிய காம்ரா இயக்கம் எதிர்த்து நின்றிராவிட்டால் காஸ்க் இன்று அரும்பொருளாகியிருக்கும். அந்தப் போராட்டத்தின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் கெக் என்றாலே மட்டம் என்ற பழைய கோபம் இன்று பொருந்தாது. வடிகட்டாமலும் சூடாக்காமலும் கெக்கில் அடைக்கும் சிறு ஆலைகள் இப்போது ஏராளம்.

பிட்டர், மைல்ட் போன்ற ஆங்கிலேய வகைகளுக்கு காஸ்க்தான். குளிரும் வாயுவும் குறைவாக இருப்பதால் மால்ட்டின் பிஸ்கெட் மணமும் ஹாப்ஸின் கசப்பும் நாக்கில் தனித்தனியே தெரியும். அதே பிட்டரைக் கெக்கில் குளிரவைத்துக் கொடுத்தால் பாதி சுவை மறைந்துவிடும். குளிர்ந்த நிலையில் நொதிக்கவைக்கும் லாகர் வகைக்கு நேர் எதிர்: அதற்குக் குளிரும் குமிழியும் வேண்டும், கெக்கே சரி. ஹாப்ஸ் மணம் தூக்கலாக உள்ள ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகை பீர்களையும் கெக்கில் குடிப்பதையே விரும்புவேன்; அந்த மணத்தைக் காற்று விரைவில் கெடுத்துவிடுகிறது.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது. காஸ்க் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அதைத் தவிர்க்கும் ஆலைகளும் உண்டு. காஸ்க் புளித்திருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல பப்பில் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்கள்.